அக்கா மறந்துபோன திங்கட்கிழமை

என்னைப் போல ஒரு தம்பி கிள்ளானிலேயே கிடையாது என்று பக்கத்து வீட்டு ஆன்டி சொல்லிக்கொண்டிருப்பார். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். என் ஓட்டைக் காரில் நான்தான் கூட்டிப் போவேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

சில மாதங்களுக்கு முன்புதான் அவளுக்கு இதய ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா தமிழர். என்னையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"ஹார்ட் பெருசாயிருக்கு தம்பி. செவுரும் தடிச்சுப் போச்சு. ஒரு தடவை டயாலிசிஸ் விட்டாலும் ஒடம்புல தண்ணி சேந்துடும், ஹார்ட் தாங்காது."

எனக்கு நன்றாகவே புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமை பொது விடுமுறை, நல்ல நாளும்கூட. வீட்டில் இப்படியொரு நோயாளி இருப்பது தெரிந்தால் பரம்பரை வியாதியோ என்று பயந்து பின்வாங்கிவிடுவார்கள் என்று எனக்கு உதறல். ஊசி குத்திக் குத்தி அக்காவின் இடது கை நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும். பார்த்தவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

"அக்கா, இந்தத் திங்கட்கிழமை மட்டும் வேணாமே. அவங்க எந்நேரமும் வரலாம், நான் வீட்ல இருக்கணும்லா. அவங்க போற வரைக்கும் நீ பின்ரூம்ல இருந்துக்கோ."

அக்கா இடது கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சரிடா. ஒரு நாள்தானே" என்றாள். அம்மா எழுந்து பின்னறையைக் கூட்டப் போனாள்.

அவர்கள் சாயங்காலம் வந்தார்கள். பெண்ணின் அப்பா பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டே, "கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு அக்கா, அங்கிள். கேரி தீவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்க."

நாக்குக் கூசவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் இருமல் கேட்டது. நான் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த இருமல் பாதியிலேயே நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இத்தனை வருடம் கழித்தும் அந்த அப்பாடாவை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர்கள் காரில் ஏறிப் போனதும் கதவைத் திறந்தேன். அக்கா படுக்க முடியாமல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயில் துண்டைத் திணித்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை, உதடு கறுத்திருந்தது. துண்டை எடுத்துவிட்டு, "போயிட்டாங்களா?" என்றாள். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து உடனே டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர், இதயம் தள்ளாடிக்கொண்டிருந்தது என்றார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே நின்று கோபமாகக் கேட்டார்.

"அவ்ளோ சொல்லியும் நேத்து ஏன் வரல?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன் டாக்டர்."

"மறக்கிற விஷயமா இது? உயிர் போயிருக்கும்." அக்கா தலையைக் குனிந்தபடி எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். "நீங்களாச்சும் ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா தம்பி?"

"இனிமே பாத்துக்கறேன் டாக்டர்" என்றேன்.