நான் கத்திக் கெடுத்த ஓட்டம்

எங்கள் வீட்டில் நாய் வளர்க்க முடியாது. நாய் முடி மூக்கருகே வந்தாலே என் கணவருக்கு இழுப்பு வந்துவிடும். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு பொமரேனியனை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, அதே புடவையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். ஆனால் பார்ப்பதற்கு என்ன தடை?

கோலார் தங்கவயலிலிருந்து விடியும் முன்பே ரயிலேறி பெங்களூர் போய், ஒரு மருந்துக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவள் நான். பங்காருபேட்டை தாண்டிவிட்டால் கூட்டத்தில் கையைக்கூட அசைக்க முடியாது. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நாய்க் கண்காட்சிகளைப் பார்ப்பேன். நடுவர் நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதும், முதுகைத் தடவிப் பார்ப்பதும், ஒரு சுற்று நடக்கவிட்டுத் தலையசைப்பதும் எனக்குப் பாடமாகிவிட்டன. அப்புறம் ஒருநாள் நாய்களின் தடை ஓட்டத்தைப் பார்த்தேன். நாய் குறுக்குக் கம்புகளைத் தாண்ட வேண்டும், குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும், சரிவுப் பலகையில் ஏறி இறங்க வேண்டும், வரிசையாக நட்ட பன்னிரண்டு குச்சிகளுக்கிடையே வளைந்து வளைந்து போக வேண்டும். கூட ஓடுகிறவர் கையாலும் குரலாலும்தான் வழி காட்டலாம். தொடக்கூடாது. அந்தக் குச்சிகளுக்குள் ஒரு நாய் நுழைந்தால் நான் மூச்சு விட மறந்துவிடுவேன்.

"இன்னாம்மா அது? நாயி பாம்பு மாதிரி வளைஞ்சிகினு போவுது?"

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டவர் எங்கள் தெருவுக்குப் பின்வரிசை லைன் வீட்டில் குடியிருப்பவர். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மேலாளர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பீகிள் நாய் அப்போது அவர் வீட்டில் இருந்தது. அது வாசலைத் தோண்டுகிறது, செருப்பைக் கடிக்கிறது, நாளெல்லாம் ஊளையிடுகிறது என்று புலம்பினார்.

"உங்க அண்ணி சொல்லிட்டா. அதை எங்கியாச்சும் ஓட வெய்யி, இல்லேன்னா நான் ஓடிடுவேன்னு."

"அப்போ ஓட வைங்கண்ணா" என்று போனை அவர் கையில் கொடுத்தேன். இதையெல்லாம் தொடங்கி வைத்தவள் நான்தான்.

இரண்டே வாரத்தில், தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் விளையாடாத மைதானத்தில் அவர் ஒரு ஓட்டப் பாதையே அமைத்துவிட்டார். தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை வெட்டிக் குச்சிகளாக நட்டார். மேலும் கீழும் வெட்டியெடுத்த பிளாஸ்டிக் டிரம்களை ஒன்றோடொன்று சேர்த்து சுரங்கம் செய்தார். அவர் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் ஒவ்வொரு ஆழத்திலும் போகும் பாதையை அங்கே லெவல் என்பார்கள். அதனாலோ என்னவோ, டிரம்முக்குள் நாயை அனுப்ப அவர் சொன்ன கட்டளை 'லெவல்!' என்பது. நாயும் அந்த ஒரு சொல்லை உடனே பிடித்துக்கொண்டது.

சனி, ஞாயிறு மாலைகளில் நானும் போவேன். கீழே விழுந்த கம்பை எடுத்து வைப்பது, கடிகாரம் பார்ப்பது என் வேலை. வீடு திரும்பியதும் பின்கட்டிலேயே துணி மாற்றி, கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அண்ணா ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நாய்க்கு நான் மட்டுந்தான் தின்னக் குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் அது அவங்க பின்னாடி போயிடும்." நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் குழாய் நட்டுக்கொண்டிருக்கும்போது, நாய் என் காலடியில் உட்கார்ந்து அந்தப் பெரிய கண்களால் பார்க்கும். என் கைப்பையில் எப்போதும் பிஸ்கட் பொட்டலம் ஒன்று இருந்தது.

பெங்களூரில் நடந்த முதல் போட்டிக்கு வேன் பிடித்துப் போனோம். அவர், அண்ணி, நான், நாய். அது ஞாயிற்றுக்கிழமை. சர்ச் ஆராதனைக்கு நான் வரமாட்டேன் என்றதும் எங்கள் சபையில் ஒரு அக்கா, "நாய் ஓடறதப் பாக்கறதுக்கா?" என்று மூன்று முறை கேட்டார். மைதானத்தில் பந்தலும், நாய்களுக்கு மின்விசிறியும், கம்பளம் விரித்த கூண்டுகளுமாக இருந்தது. போனில் மட்டுமே பார்த்த இனங்களை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்து நான் பித்துப் பிடித்தவள்போல் சுற்றினேன். அண்ணா இஸ்திரி போட்ட சட்டையில், ஒரு மூலையில், யாரோடும் பேசாமல் நின்றிருந்தார்.

அவர்கள் முறை வந்தது. முதல் கம்பு, இரண்டாவது கம்பு, "லெவல்!" நாய் குழாய்க்குள் மறைந்து அந்தப் பக்கம் சீறிக்கொண்டு வந்தது. சரிவுப் பலகையில் ஏறி இறங்கியது. ஒரு தவறும் இல்லை. மைதானத்தில் எங்கேயும் முகர்ந்துகொண்டு நிற்கவில்லை. குச்சிகளுக்குள் சரியான பக்கமாக நுழைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் நாயின் பெயரைச் சொல்லி ஒரு குரல் மைதானமே அதிரக் கத்தியது. அது என் குரல் என்பது எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

நாய் தலையைத் தூக்கியது. காதுகள் நிமிர்ந்தன. குச்சிகளை விட்டு நேராக என்னை நோக்கி ஓடி வந்து, எல்லைக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, முன்னங்கால்களை என் முட்டியில் வைத்து, மூக்கைக் கைப்பைக்குள் விட்டது. கூட்டம் சிரித்தது. நடுவர் விசில் ஊதினார். நாய் எல்லையைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அண்ணா கடைசிக் குச்சியைக் காட்டி நீட்டிய கையை இன்னும் இறக்காமல் நின்றிருந்தார்.

திரும்பும் வழியில் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். "நாய்க்கு தண்ணி வெச்சியா?" என்று அண்ணியிடம் கேட்டார். அடுத்த ஐந்து நாளும் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. பிளாட்பாரத்தின் கோடியில் கடைசிப் பெட்டியில் ஏறுவதைப் பார்த்தேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நாய் என்னைப் பார்த்துத் துள்ளியது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். நீங்க வேணாம்னு சொன்னப்புறமும் நான் அதுக்கு பிஸ்கட் குடுத்துகினுதான் இருந்தேன்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"ரெண்டு கிலோ ஏறிச்சே. நான் போடறது அளந்து போடற சோறு. அப்பால எப்படி ஏறும்?"

"ஏன் என்னைக் கேக்கல?"

அவர் துள்ளிய நாயைப் பிடித்து உட்காரவைத்தார். "உன்னால வீட்ல வளக்க முடியாது. இங்க வந்து ரெண்டு பிஸ்கட்டு குடுக்கறே, குடுத்துட்டுப் போன்னு வுட்டுட்டேன். என் தப்பும் கீது இதுல." பிறகு, "ஆனா கோவம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு குச்சிம்மா. ரயில்ல உன்னைப் பாத்தா ஏதாச்சும் சொல்லிடப் போறேன்னுதான் கடைசி பொட்டிக்குப் போனேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அண்ணி டீ டம்ளரை என் கையில் திணித்தார். "போட்டி இன்னா ஒரே ஒரு தபாவா நடக்குது? குடிங்க, ஆறிடும்."

மறுநாள் மைதானத்தில் அவர் எனக்குப் புது வேலை கொடுத்தார். "இனிமே நீ கத்தணும். நான் ஓட வெக்கும்போது பேரு சொல்லிக் கூப்புடு. வந்துச்சுன்னா மூஞ்சிய திருப்பிக்கோ. தொடாத, பேசாத."

அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை. முதல் வாரங்களில் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அது ஓடி வந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். என்னைச் சுற்றி வந்து முகத்தைத் தேடும். புரியாமல் ஒருமுறை மெல்ல முனகியது. பிறகு கூப்பிட்டால் தயங்கி நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கியது. ஒரு மாலை, குச்சிகளின் நடுவே இருந்தபோது தொண்டை கிழியக் கத்தினேன். அது தலையைத் தூக்கவே இல்லை. கடைசிக் குச்சியைத் தாண்டி நேராக அவரிடம் போய் நின்றது. அவர் குதித்தார். நானும் கைதட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"என்னை மறந்துடுச்சுங்க" என்றேன் கணவரிடம்.

"மறக்கல. வேலை நேரத்துல பேச்சு குடுக்காதன்னு சொல்லுது" என்றார் அவர், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

அண்ணாவுக்கும் என் வருத்தம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு பயிற்சியும் முடிந்ததும், "இப்போ கூப்புடு" என்பார். நாய் பாய்ந்து வரும்.

சில மாதம் கழித்து இரண்டாவது போட்டி. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு குழந்தையின் பலூன் வெடித்தது. யாருடைய நாயோ விடாமல் குரைத்தது. எங்கள் பீகிள் எதையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு கம்பை லேசாக உரசியது, கம்பு ஆடிவிட்டு நின்றது. பன்னிரண்டு குச்சிகளும் முடிந்தன. தவறில்லாத ஓட்டம். வேகம்தான் போதவில்லை. ஐந்தாவது இடம்.

"அஞ்சாவதா? அஞ்சாவதாம்மா?" என்று அண்ணா என்னிடம் இரண்டு முறை கேட்டார். ஐந்தாவது இடத்துக்குப் பதக்கம் கிடையாது. ஆனாலும் ஒலிபெருக்கியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

வேன்காரர் கிளம்பலாமா என்று கேட்டார். பெரிய நாய்களின் சுற்று இன்னும் பாக்கி இருக்கிறது என்று நான்தான் கெஞ்சினேன். புல்லில் உட்கார்ந்து அண்ணி கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். ஒரு செயின்ட் பெர்னார்ட் குழாய்க்குள் பாதி போய் அங்கேயே படுத்துவிட்டது. அதை வளர்க்கும் பெண் மறுமுனையில் குப்புறப் படுத்து, உள்ளே பார்த்துக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அண்ணா சோற்றை வாயில் வைத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி நாய் ஓடி முடிக்கும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.