என் மனைவியை நோகாமல் திருப்பிப் படுக்க வைக்க

பங்கு மக்களே, சுகம் பெற்றவர்களின் சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறோம். என் மனைவி சகாயமேரி சுகம் பெறவில்லை. ஆனாலும் என் ஜெபம் கேட்கப்பட்டது. அதைக் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1982 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "இனி இங்க வச்சுப் பிரயோஜனமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சைக்கிள் வாங்கினால்கூடச் செயினுக்கு எண்ணெய் விடுவது எப்படி என்று கடைக்காரர் காட்டித் தருகிறார். சாகப்போகிற மனுஷியை என் கையில் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மில்லில் டைம்கீப்பர். நாள் தவறாமல் டைரி எழுதுபவன். நூலகத்தில் சரித்திரம், பயணம், மருத்துவம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தவன். வலிக்கிற உடம்பை எப்படித் தொடுவது என்று எதிலும் படித்ததில்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். அலறினாள். மூன்றாம் நாளே இடுப்பில் தோல் உரிந்தது. அதன்பின் நான் கட்டிலருகே வந்தாலே, "வேண்டாங்க, தொடாதீங்க" என்று கண்ணை மூடிக்கொள்வாள். பதினெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவள் என் கைக்குப் பயந்தாள்.

13ஆம் தேதி வெள்ளி மாலை, ஜெபமாலை சொல்லப் பங்கிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். நம் வழக்கப்படி, மல்லாந்து கிடந்தவள் வாயில் ஆளுக்கொரு ஸ்பூன் தீர்த்தம் ஊற்றினோம். முதல் ஸ்பூன் ஊற்றியவன் நான். ஐந்தாவதில் புரையேறி முகம் நீலமாயிற்று. இருமி இருமி மூச்சு திரும்பியது.

"செத்த பெறகு உத்தரிக்கிற வேதனைய இங்கயே முடிச்சுக்கறா, புண்ணியவதி" என்றாள் என் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் கொடுக்கிற வேதனையைக் கடவுள் தலையில் கட்டுகிறோமே!

மறுநாள் கோவிலில், மாதா பீடத்தின் முன் சண்டைதான் போட்டேன். "தாயே, சுகம் கேட்கவில்லை. இவளை நோகாமல் தொட யாராவது எனக்குக் கற்றுத்தர வேண்டும். அவ்வளவுதான்."

15ஆம் தேதி ஞாயிறு, மாதா விண்ணேற்புத் திருநாள். பகல் இரண்டு மணிக்கு வார்டு ஆயா பழனியம்மாள் வாசலில் நின்றார். நாங்கள் மறந்துவிட்டு வந்த எக்ஸ்ரே படங்களைக் கொடுக்க, விலாசம் விசாரித்து வந்திருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். நான் மனைவியை நிமிர்த்த முயன்றதைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஏனுங்க, நெல்லு மூட்டையா இழுக்கறீங்க? பழைய நூல் சேலை ஒண்ணு எடுங்க."

சேலையை நாலாக மடித்து, முதுகு முதல் தொடை வரை மெதுவாக அடியில் நுழைத்தார். "அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நானு. உடம்ப இழுக்காதீங்க, சேலையப் புடிங்க. அதுக்கு முன்னால அம்மிணிகிட்டச் சொல்லோணுமுங்க."

"சகாயம், திருப்பப் போறேன்" என்றேன். திருப்பினோம். அவள் அலறவில்லை.

முழங்கால்களுக்கு நடுவே தலையணை. இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றுவது. தலையை உயர்த்தி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. உலர்ந்த உதட்டுக்கு ஈரத்துணி. பக்கம் திருப்பும்போதே நனைந்த துணியை மாற்றுவது. ஒன்றரை மணி நேரப் பாடம்.

அக்கா முகம் சுளித்தாள். "பொம்பளைக்குத் துணி மாத்தறது ஆம்பளை வேலையா?"

"கட்டுனவரு மாத்தாம கலெக்டருங்களா வந்து மாத்துவாரு?" என்றார் பழனியம்மாள்.

சகாயமேரி சிரித்தாள். வீடு திரும்பியபின் முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து முப்பத்தேழு நாள். புற்று குறையவில்லை. வலியும் இருந்தது. ஆனால் என் கைக்கு அவள் பயப்படவில்லை. "இப்ப எந்தப் பக்கம்?" என்று அவளே கேட்பாள். செப்டம்பர் 21, செவ்வாய், காலை ஆறேகாலுக்கு, என் கையைப் பிடித்தபடியே போனாள். மாதாவுக்கு நன்றி.

பழனியம்மாளை எல்லாருக்கும் கற்றுத்தரச் சொல்வோம் என்று பங்குக் கூட்டத்தில் கேட்டேன். "கக்கூஸ் கழுவறவ நமக்குப் பாடம் நடத்தறதா?" என்றார் ஒருவர். ஆமாம் ஐயா! நமக்கு அந்தத் தாய் அனுப்பியது அவரைத்தான். எக்ஸ்ரே படத்தை மறந்துவிட்டு வராதவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுக்கு யார் சொல்லித்தருவது? பங்குச் சாமியார் எழுந்து மறைக்கல்வி அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் அங்கே பழனியம்மாள் இருப்பார். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் நம்பி ஜெபியுங்கள், நம்பி வாருங்கள். ஆண்கள் கட்டாயம் வாருங்கள். நோயாளியாகப் படுத்துக் காட்டுவது நான்தான். தப்பாக இழுத்தால் அலறுவேன்.