செம்பனைக் குலைத் தலைக்காரி

பேய், பிசாசு, ஆவி எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். இதைச் சொல்லும்போதே உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, தெரிகிறது, சிரியுங்கள், ஐம்பத்து மூன்று வயதுவரை நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மலேசியாவில், தஞ்சோங் காராங்கில் எனக்குப் பேனர் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, தீமிதி, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்பேன். செத்துப்போன எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்து ஃபிரேம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் மனைவி சரோஜா போன பிறகு அவள் படத்தை மட்டும் அடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் திறப்பேன், கலர் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லி மூடிவிடுவேன். அடித்து, மாலை போட்டு, சிவப்பு பல்பையும் மாட்டிவிட்டால் அப்புறம் அவள் செத்தவள்தானே.

ஹாலில் சுவர் காலியாக இருந்தால் வருகிறவர்கள் "படம் எங்கே" என்று கேட்டு உட்கார்ந்து அழுகிறார்கள். எனக்கு அது தாங்காது. அதனால் ஒரு வேலை செய்தேன். கோரமான டிசைனாகப் பார்த்து ஏழு படம் அடித்து மாட்டினேன். நூறு கண் முளைத்த தோட்டத்து லயவீடு, பல் வைத்த மாடிப்படி, வாயில்லாத குழந்தை, இப்படி. சமையலறை வாசலுக்கு மேலே, எல்லாவற்றையும்விட உயரத்தில், சேலை கட்டிய ஒரு பெண், தலை இருக்கவேண்டிய இடத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் பழுத்த குலை. அதன் பிறகு வந்தவர்கள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

வருஷம் திரும்பி, தலைத்திவசம் வந்தது. சுங்கை சோவில் வேலை பார்க்கும் மகள் கவிதா வந்து சுவரைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கழட்டுங்கப்பா. அம்மாவுக்குப் பேய்ப் படம்னாலே பயம். இன்னிக்கு வருவாங்கல்ல?"

"அவளே இப்ப அந்தக் கட்சிதானே? இதுங்கதான் அவளப் பார்த்துப் பயப்படணும் லா."

கவிதா சிரிக்கவில்லை. சரோஜாவின் தம்பி சேகர் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, படையலுக்கு எங்க அக்கா படமே இல்ல, இதுல இந்தக் கண்றாவி வேறயா?"

படத்துக்குப் பதிலாக அவளுடைய மூக்குக்கண்ணாடியை வைத்தேன். இலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம், கடலோரம் சுங்கை செம்பிலாங் வரை போய் வாங்கிவந்த நண்டு உட்பட. படையல் போட்டு, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். போனவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். கொஞ்ச நேரம் கழித்து மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயில். பின்கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, சாவி என் பையில். மூன்று பேரும் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றோம். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாராவது அழுதால் என் வாய் சும்மா இருக்காது, அது ஒரு வியாதி. ஒரு கல்யாண ஜோடியின் தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்துக் கொடுத்து நான் உதை வாங்கப்போன கதையை எடுத்துவிட்டேன். கதை முடிந்ததும் தட்டிவிட்டுத் திறந்தோம்.

ஆறு படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

நம்பினால் நம்புங்கள். எதுவும் விழவில்லை, ஆணியில் கயிறு அப்படியே, முகம் மட்டும் சுவர்ப்பக்கம், ஒவ்வொன்றும் நேராக, என் கடையில் நான் மாட்டுவதைவிட ஒழுங்காக. சேகர் "முருகா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா, தொண்ணூறு கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு ஓடி, காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மகள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

குலைத் தலைக்காரி மட்டும் திரும்பவில்லை. அவளுக்குக் கீழே சமையலறை ஸ்டூல், ஸ்டூலின் மேல் ஒரு பிஸ்கட் டின். படத்தின் கீழ் விளிம்பு லேசாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தது, விரல்நுனி பட்ட மாதிரி. சரோஜா நாலடி பத்தங்குலம்.

இலையில் ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. வந்த கொஞ்ச நேரமும் அவளுக்கு இதிலேயே போய்விட்டது.

சேகர் இப்போது காற்று என்கிறான். ஸ்டூலைத் தள்ளிவந்து டின்னை ஏற்றிவைக்கிற காற்று. கவிதா ஏழையும் அன்றைக்கே கொளுத்தினாள். சாயங்காலமே கடையைத் திறந்து சரோஜா படத்தை அடித்தேன், கலர் சரியாகத்தான் இருந்தது. நெஞ்சு உயரத்தில் மாட்டியிருக்கிறேன். இவ்வளவு தாழ்வாக யாராவது மாட்டுவார்களா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

கவிதாவிடம் நான் இன்னும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. வெளியே நின்று அந்தக் கதையை அளந்துகொண்டிருந்தபோது, "ஏங்க" என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும், "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்." பக்கத்து வீட்டில் யாரோ புருஷனைக் கூப்பிடுகிறாள், மாட்டினான் மனுஷன் என்று நினைத்து, குரலை உயர்த்திக் கதையை முடித்தேன். நன்றாகவே முடித்தேன், சேகர்கூடச் சிரித்தான்.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான்.