பின்பாதி சொன்ன குரல்

இது நடந்தது. சொன்னவன் கிறிஸ்துதாஸ் என்பதால் முதலியார்பேட்டையில் பாதிப்பேர் நம்பவில்லை. சாவு வீட்டிலும் சிரிப்புக் காட்டுகிற ஆள் அவன். ஆயாவின் பெட்டியைத் தூக்கும்போதுகூட, "நேராப் புடிங்கப்பா, கோணலாப் போனா எறங்கி வந்து காதத் திருகும்" என்றவன். ஆனால் தைரியசாலி என்று ஒருநாளும் பீற்றிக்கொண்டதில்லை. பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறி நிற்பேன் என்று அவனே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

ஆயா என்றால் இருதயமேரி டீச்சர். பிரெஞ்சுக் கொடி பறந்த நாளில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர். கொடி மாறி, பாடப் புத்தகம் மாறி, அவரிடம் படித்த மில்காரப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்ட பிறகுதான் ஓய்வு பெற்றார். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். பிறகு மகளும் போனாள். மகள் விட்டுப்போன கைக்குழந்தையை ஆயாதான் வளர்த்தார். அந்தக் குழந்தைதான் இந்தக் கோமாளி.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம்; அதன் முன்பாதியை அவன் சொல்ல வேண்டும், பின்பாதியை ஆயா சொல்வார். நடுவில் சில மணிகளை அவன் நைசாகத் தள்ளிவிட்டால் ஆயா பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவன் திரும்பிப் போய்ச் சொன்னால்தான் வாய் திறப்பார்.

கடைசி இரண்டு வருஷம் வாதம் வந்து நாக்கை இழுத்துக்கொண்டது. கடைசி பெஞ்சை நிமிர வைத்த குரல் போய்விட்டது. இரண்டு பாதியையும் அவனே சொன்னான். ஆயா மணியை மட்டும் உருட்டினார்.

1981 அக்டோபர் கடைசியில் இறந்தார். முப்பதாம் நாள் பூசை வரை ஒரு நாளும் விடாமல் செபமாலை சொல்வதாக, போகும்போது அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கை ஒருமுறை அழுத்தியது. இதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்றிருந்தான்.

ஒன்பதாம் நாள். கரண்டு இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சம். முன்பாதியைச் சொல்லி, மூச்சு வாங்க நிறுத்தினான்.

"...எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்."

அவன் சொல்லவில்லை.

வாதம் வருவதற்கு முந்தின குரல் அது.

ஓடப் பார்த்தான். கொடுத்த வாக்கு தடுத்தது. அடுத்ததைச் சொன்னான். பதில் வந்தது. சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று ஒரு கொத்து மணிகளைத் தள்ளினான்.

நிசப்தம்...

திரி மட்டும்... ட்ஸ்...

திரும்பிப் போய்ச் சொன்னான்.

பதில் வந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கும் மறுநாள், வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து சைக்கிளை அவசரமாக மிதித்து வந்தான். வீட்டில் ஆள் இருந்தது.

பிறகுதான் ஒரு புயல் வந்தது. லேத்துக்கு பெல்ட் வாங்க முதலாளி அவனைக் கடலூருக்கு அனுப்பியிருந்தார். ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோனது. ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில் கிடந்தான். மறுநாள் வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்கு மண்டியிட்டு, முன்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

ஒன்றுமில்லை.

முப்பதாம் நாள் வரைக்கும் ஒன்றுமில்லை.

பூசை முடிந்து வந்தவனைப் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி வாசலில் நிறுத்தினாள்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டடா தாசு."

"எங்க காப்பாத்தினேன், அக்கா... புயல் அன்னிக்கு விட்டுட்டேன். அதுலேருந்து ஆயாவுக்குக் கோவம்."

"அன்னிக்கும்தான் ஏழு மணிக்கு ரெண்டு பேரும் சொன்னீங்களே? மழைச் சத்தத்துல செவுத்துல காத வச்சிக் கேட்டேன்."

"யாரு சொன்னாங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னி வரைக்கும் டீச்சரம்மா கொரல் தெனமும்தான் கேட்டுச்சு. ஒனக்குத் தொணையா இருக்கட்டும்னு நான் வாயத் தொறக்கல. அது பின்பாதி. முன்பாதி நீதான். அன்னிக்கு மட்டும் தொண்ட அடச்சிப் போயி, அழுதுகிட்டே சொன்ன."

புயல் அன்று ஏழு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில், யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஆயாவுக்காக முதல் தடவையாக அவன் அழுதிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது அவன் வாயில் செபத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.