மெக்சிகோவுக்கு முன் ஒரு முழுக்கு

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். சென்ற கோடையில் நாங்கள் அங்கே போவதாக இருந்தது. அப்போது நான்கு நாள் மெக்சிகோ கடற்கரைக்கும் அழைத்துப் போவதாகச் சொன்னாள். கார் தேவையில்லாத ஊராம். விடுதி, கடை, கடல் எல்லாம் நடக்கும் தூரம்தான்.

என் கணவருக்கு நடப்பதென்றால் உயிர். பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்தபடியே, போனில் அந்த ஊர்த் தெருக்களை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டார். எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது, எங்கே அலை இழுக்கும் என்று தினமும் எனக்குப் பாடம். “அங்கன முட்டளவுக்கு மேல இறங்கப்படாது, கேட்டியா?” என்பார்.

எங்கள் குடும்பத்தில் தூரப் பயணம் என்றால் முதலில் பாபநாசத்தில் ஒரு முழுக்கு. கிளம்புவதற்கு முந்தைய வாரம் போனோம். பக்கத்து ஆழ்வார்குறிச்சியில் பிறந்த அவர் சிறுவயதிலிருந்து குளித்த படித்துறை. பாசி பச்சையாகத் தெரிந்தது. “கம்பியப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க” என்றேன்.

“ஆழ்வார்குறிச்சிக்காரனுக்கு ஆத்துப் படிய காட்டுதியாக்கும்!” என்று சிரித்தபடி இறங்கியவர், வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தும் இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் டிக்கெட்டுகளை ரத்து செய்தாள்.

இப்போதெல்லாம் நான் ஆற்றுக்குப் போனால், தண்ணீர் தொடும் முதல் படியிலேயே உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். அவர் கட்டிலில் படுத்தபடி போனில் அதே தெருவைத் திறக்கிறார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, விரலால் கடலை நோக்கி நகர்த்துகிறார்.

“பைய வா. இங்கன ஒரு படி இருக்கு” என்கிறார்.