இரண்டு கிங் வைத்து வென்றவன்

இன்று மத்தியானம் எங்கள் ரோவில் ஊர் நூலகத்தில் எடுத்த பழைய ஹொலிவூட் படம் ஒன்று வீட்டில் பார்த்தோம். ஆற்றுக் கப்பலில் சீட்டாடும் சூதாடிக்கும் ஒரு பெண்ணுக்கும் காதல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் கணவருக்கு உயிரான படம்.

கூடப் பார்க்கப் பக்கத்துத் தெரு அன்ரியும் வந்திருந்தார். 304 சீட்டாட்டத்தில் இந்த வட்டாரத்தில் அவரை வெல்ல ஆளில்லை.

கடைசி ஆட்டம். காதலியின் அப்பா தோற்ற கப்பலை மீட்க நாயகன் ஆடுகிறான். வில்லன் இரண்டு ஜாக் வைத்தான். நாயகன் இரண்டு கிங் வைத்துக் கப்பலை வென்றுவிட்டான். வில்லன் இடுப்பிலிருந்த துவக்கை உருவினான்.

அன்ரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அளாப்புறான்! கள்ள ஆட்டம்! ஜாக்கைக் கிங் எப்பிடி வெல்லும்? வில்லன் துவக்கு எடுத்ததில என்ன பிழை?"

"அன்ரி, 304இலதான் ஜாக் பெரிசு. இது போக்கர். இதில ஜாக்கை விடக் கிங்தான் பெரிசு" என்றேன்.

அன்ரி நம்பவில்லை. என் கணவரின் முகமோ விழுந்துவிட்டது.

"அப்ப அவன் அளாப்பேல்லையா? அவளுக்காக அளாப்பினவன் எண்டுதானே இவ்வளவு காலமும் எனக்கு அவனைப் பிடிச்சது!"

பாவம், தேத்தண்ணி போட்டுக் கொடுத்துத் தேற்றினேன்.

ஆனால் ஒன்று. என்னோடு சோடி சேர்ந்து 304 விளையாடும்போது ஒரு கண்சாடைகூடக் காட்டாத மனிதர் இவர். காதலுக்காக அளாப்பலாம் என்று தெரிந்துகொண்டே இத்தனை வருஷமும் என்னைத் தோற்கவிட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் எப்படி?