பட்டியலில் வராத கருப்பி

சவரிராயன் பென்னாகரத்துக்காரர். தருமபுரியில் ஒரு தொண்டு கண் மருத்துவமனையின் பதிவறையில் பதினேழு ஆண்டுகள் இருந்தவர். 1987-இல் கணினி அறைக்கு மாற்றப்பட்டார். அங்கே கம்பியால் இணைத்த நான்கு கணினிகள். நான்காவதில் மலைக்கிராம நோயாளிகளின் விவரங்கள். அதற்கு ‘4மலை’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தவர் அவர்தான்.

எழுத்தர் நஞ்சப்பன் கேலி செய்தார். "ஏங்க சவரி, மிசினுக்குமா வரிசை நம்பரு?"

"முன்னால நம்பரு இல்லாத கேசுக் கட்ட நீங்க எப்பனாச்சும் தேடி எடுத்திருக்கீங்களா?"

ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட வேண்டுமானால், பெயருக்கு நேரே முகவரி எண் எழுதிய அட்டவணையைப் பார்க்கும். பழைய மென்பொருள் ‘4மலை’யையும் அப்படியே தேடித் தந்தது. 1989 மார்ச் 12, ஞாயிறன்று பொறியாளர் புதியதை ஏற்றினார். அது, எண்ணில் தொடங்கும் எதையும் பெயராகக் கொள்ளவில்லை. அதையே முகவரி என்று எடுத்துக்கொண்டு, அட்டவணையைத் திறக்காமலே விட்டது.

செவ்வாயன்று முகாம். முதல் கணினி மற்ற மூன்றையும் கூப்பிட்டுத் தொகுத்த அறுவைச் சிகிச்சைப் பட்டியலைக் காலையில் ஒட்டினார்கள். மலையிலிருந்து வந்த பதினொரு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. அவர்களில் ஒருவர் சித்தேரிக் கருப்பி. வயது நாற்பத்து நான்கு. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நீரழுத்தம்; சீக்கிரம் அறுவை செய்யாவிட்டால் அதுவும் போய்விடும்.

"பட்டியல்ல இல்லீங்க. அடுத்த முகாமுக்கு வாங்க" என்றார் வாயிற்காவலர் மாது.

மற்ற பத்துப் பேரும் வாதாடி நின்றார்கள். கருப்பி வாதாடவில்லை. பத்தரை மணி மலைப் பேருந்தை விட்டால் மாலைதான் என்று கிளம்பிவிட்டார்.

பத்து நாற்பதுக்குச் சவரிராயன் காரணத்தைக் கண்டுபிடித்தார். பெயருக்குப் பதில் முகவரி எண்ணையே அடித்தார். பதினொரு பெயரும் வந்தன. தாளோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். வண்டி போயிருந்தது. முகாமுக்கு வந்திருந்த வெளியூர் மருத்துவர் மற்ற பத்துப் பேருக்கும் சிகிச்சை முடித்து அன்று மாலையே கிளம்பிவிட்டார்.

அடுத்த முகாம் செப்டம்பரில். சவரிராயனே சித்தேரிக்குப் போய்க் கருப்பியை அழைத்துவந்தார். இனிப் பார்வை திரும்பாது என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் கருப்பி கேட்டார்: "ஏஞ் சார், அன்னிக்கி எம் பேரு எங்கதான் போச்சு?"

"எங்கயும் போவலம்மா. இருந்த எடத்துலதான் இருந்துச்சு. மிசினு பேருக்கு முன்னால நான் வெச்ச நம்பராலதான் அது தேடாம உட்டுருச்சு."

"இருந்துச்சா? இல்லவே இல்லைன்னாங்களே."

கணினியின் பெயரைச் சவரிராயன் மார்ச்சிலேயே மாற்றியிருந்தார். அதன்பின் ஒவ்வொரு முகாம் காலையிலும், கையால் எழுதிய பட்டியலோடு மாதுவின் பக்கத்தில் நின்றார். அதில் பெயர்களுக்கு முன்னால் எண் கிடையாது.